பின்சீட்டுக்காரி பார்த்த வண்டி

1

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை லைசென்ஸ் ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "மிஸ்டர் முத்துசாமி!" அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருசம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

நமக்கு ஏது குடும்பப் பேர்? மு. மணி என்றால் மணி, அவ்வளவுதான். இங்கே வந்த புதிதில் ஏஜென்ட் ஏதோ ஒரு கட்டத்தில் அப்பா பேரை நிரப்ப, ஈரோட்டைத் தாண்டி மேற்கே போகாத மனுசனுக்கு இன்றைக்கு ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி அட்டை இருக்கிறது, கரண்ட் பில் வருகிறது. திருத்தித் தரச் சொல்லி ஒரு தடவை மனு எழுதினேன். "அன்புள்ள திரு. முத்துசாமி, உங்கள் மனு கிடைத்தது" என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்து மூன்று வருசம் முடிந்துவிட்டது, கட்டுப்பாடெல்லாம் இன்றோடு தீர்ந்தது. இனி எவ்வளவு பெரிய வண்டி வேண்டுமானாலும் ஓட்டலாம். பின்னால் ஆள் ஏற்றலாம்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று நினைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பின்னால். ஆள். ஏற்றலாம். புரியாமலா கேட்டேன் தாயி, இன்னொரு தடவை காதில் விழட்டும் என்றுதானே கேட்டேன். அதுவும் யார் பேரில் வருகிறது பாருங்கள் இந்த அனுமதி. எங்கள் அப்பா முத்துசாமி இருக்கிற வரைக்கும் நான் என் பெண்டாட்டியோடு ஊட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசியதில்லை.

2

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் திருச்செங்கோடு பக்கம், மல்லசமுத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தோட்டம். ரிக் வண்டிப் பட்டறையில் வெல்டராக இருந்தேன். போர்வெல் போடுகிற அந்த ராட்சச லாரிகளுக்குச் சட்டம் கட்டுவது என் வேலை. அந்தக் கைவேலையைப் பார்த்துத்தான் இங்கே டிரெய்லர் கட்டுகிற பட்டறைக்கு எடுத்தார்கள். வந்து இருபது வருசம். மெல்போர்னுக்கு வடக்கே, சுற்றிலும் பழத்தோட்டமாக இருக்கிற ஒரு சின்ன டவுனில் இருக்கிறோம். என் சம்சாரம் கலாமணி முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் பார்க்கிறாள். மகள் நிவேதா சிட்னியில் வேலையில் இருக்கிறாள்.

ஐம்பத்தியோரு வயசில் நான் போய் மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கு நின்றபோது பட்டறையே சிரித்தது. ஊரில் பதினாறு வயசிலிருந்து ஓட்டியவன் என்றால் இங்கே எவன் கேட்கிறான்? எல்.கே.ஜி.யிலிருந்து ஆரம்பி என்றார்கள். முதல் நாள் பயிற்சியில் சின்ன மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னார் வாத்தியார். நான் வளைவுக்கு வளைவு ஆரன் அடித்துக்கொண்டே போனேன். அவர் ஓடி வந்து வண்டியை நிறுத்தி, யாரைப் பார்த்து அடிக்கிறாய் என்று கேட்டார். யாரையும் பார்த்து இல்லை, வளைவு வந்தது, அடித்தேன். சேலத்து ரோட்டில் பழகிய கட்டைவிரல் அது, நான் சொன்னால் கேட்குமா? அதுக்கு இரண்டு மார்க் போச்சு.

லைசென்ஸ் வந்தது. ஆனால் மூன்று வருசத்துக்குச் சின்ன வண்டி, பின்னால் ஆள் கூடாது. பழைய இருநூற்றி ஐம்பது சிசி ஒன்றை வாங்கி, பின்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு மூன்று வருசம் ஓட்டினேன். எனக்கு வண்டி ஓட்டுவதில் அப்படி ஒன்றும் மோகம் கிடையாது. பின்சீட்டுக்காகத்தான் இத்தனை கூத்தும்.

3

எங்கள் தோட்டத்து ஊட்டில் அப்போது ஒன்பது பேர். அப்பா, அம்மா, தங்கவேல் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், கட்டிக்கொடுக்காத அத்தை ஒருத்தி, நாங்கள் இருவர். அது போகத் தினமும் ஒறம்பரை. விருந்தாளி வராத நாள் கிடையாது. புருசனும் பெண்டாட்டியும் பட்டப்பகலில் பக்கத்தில் நின்று பேசினால் அத்தை தொண்டையைச் செருமுவாள். உள்ளே போய்ப் பேசலாம் என்றால் செவுருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருப்பார்.

ஆகவே எங்களுக்கு இருந்தது வண்டிதான். நூறு சிசி வண்டி. கலாமணிக்குப் பொறந்த ஊடு பனமரத்துப்பட்டி பக்கம். மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்கப் போகோணும் என்பாள், நானும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, சரி போலாம் என்பேன். இட்டேரியில் போகும்போது, அதாவது வேலிக்கு நடுவே போகிற மண் தடத்தில், இருவரும் வாயே திறக்க மாட்டோம். தார் ரோடு ஏறிய உடனே ஆரம்பித்துவிடுவாள். ஒருபக்கமாக உட்கார்ந்து, வலது கையை என் தோளில் போட்டு, காதுக்குள்ளேயே பேசுவாள். நாற்பதுக்கு மேல் நான் முறுக்கினதே இல்லை. முறுக்கினால் ஊர் வந்துவிடும்.

வழியில் தெரிந்த முகம் வந்தால் ஒரு கிள்ளு கிள்ளுவாள். விலாவில், வலது பக்கம். அவ்வளவுதான், என் வாய் மூடிக்கொள்ளும், முதுகு நிமிர்ந்துகொள்ளும். எதிரே வருகிற மாமனுக்கோ பங்காளிக்கோ தலையை ஆட்டிவிட்டு, ஊமையனும் ஊமைச்சியும் மாதிரி தாண்டிப் போவோம். கொஞ்ச தூரம் போனதும் தோளில் இரண்டு தட்டு தட்டுவாள். மறுபடி பேச்சு.

எங்கள் வாழ்க்கையில் முடிவு என்று எடுத்ததெல்லாம் அந்த ரோட்டில்தான். அட்டையாம்பட்டியில் முறுக்கு வாங்க நிறுத்தியபோதுதான், முழுகாம இருக்கறனுங்க என்றாள். நான் கையில் வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே கீழே விட்டேன். மல்லூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில், அண்ணனிடம் பாகம் கேட்க வேண்டாம், ஒட்டுக்காவே இருந்துக்கலாம் என்று முடிவு செய்தோம். பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் வண்டியை மெதுவாக விட்டுக்கொண்டு, ஆஸ்திரேலியா போலாமா என்று நான் கேட்டேன். ஏரியில் பொட்டுத் தண்ணி கிடையாது, முச்சூடும் சீமைக்கருவேல முள். கரை முடிகிற இடத்தில், "போலாங்க. ஆனா ஒட்டுக்காப் போகோணும், உங்கள முன்னால அனுப்பிப்போட்டு நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்" என்றாள். அப்படித்தான் வந்தோம்.

4

இங்கே எங்களுக்கு மூன்று அறை ஊடு, கதவைச் சாத்தினால் ஈ காக்காய் சத்தம் கிடையாது. யாரும் செருமுவதில்லை. பேச என்ன குறை? ஆனால் பேச்சு இல்லை.

சண்டை என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்குக் காலை ஷிப்ட், எனக்கும் காலை. சாயங்காலம் அவள் போனில் தங்கச்சியோடு, நான் போனில் எதையாவது தள்ளிக்கொண்டு. காரில் போனாலும் அதேதான். இடம் பெரிசு, சீட்டு மெத்து, ஆளுக்கொரு ஜன்னல். நிவி இருந்தவரை அவளைத் திட்டுகிற சாக்கிலாவது இருவரும் ஒரு பக்கம் சேர்ந்தோம். அவள் சிட்னி போனபிறகு, பால் வாங்கோணும், குப்பை வண்டி நாளைக்கு என்பதோடு தீர்ந்துவிடுகிறது.

இதற்கு நடுவில்தான் தங்கவேல் அண்ணன் ஒரு கேள்வியைப் போட்டார். இரண்டு வருசம் ஆகிறது. பழைய ஊடு விழுகிற நிலையில் இருக்கிறது, தோட்டத்திலேயே புதுசாகக் கட்டப் போகிறார். "ஏஞ்சாமி, வானம் தோண்டும்போது ஒரு ஊட்டுக்குத் தோண்டறதா, உங்களுக்கும் சேத்து ரெண்டு ஊட்டுக்குத் தோண்டறதா? வர்ற நெனப்பு இருந்தாச் சொல்லு. இல்லீன்னாலும் சொல்லு, நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன்" என்றார். எங்கள் பக்கம் அஸ்திவாரத்துக்குக் குழி எடுப்பதை வானம் தோண்டுவது என்போம்.

ஒன்றா இரண்டா? இதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தால், "பாக்கலாங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். நிஜத்தைச் சொல்ல வேண்டும், அவள் எழுந்துபோனதும் எனக்கும் அப்பாடா என்றுதான் இருக்கும். திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொல்லி, நிவியை விட்டுட்டா என்று அவள் கேட்டால் என்ன சொல்வேன்? இங்கேயே இருப்போம் என்று சொல்லி, அவள் மனசுக்குள் அழுதால் எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் மாசம் ஒரு தடவை கேட்பார், நானும் மாசம் ஒரு தடவை மழுப்புவேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் மேசையில் உட்கார்ந்து எதையுமே முடிவு செய்ததில்லை. வண்டி வேண்டும்.

5

ஆகவே சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வண்டிக் கடைக்குப் போனேன். டேவ் என்று ஒரு ஆள், தாடியும் தொப்பையுமாக, நல்ல மனுசன். என்ன பவர் வேணும், என்ன டார்க் வேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பின்சீட்டு எவ்வளவு நீளம் என்று கேட்டேன். அதை அவர் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

எங்கள் பக்கம் வண்டி எடுக்கப் போனால் ஓட்டுகிறவன் எஞ்சினைச் சுற்றி வந்து பார்ப்பான், டேங்க்கைத் தட்டுவான், அதெல்லாம் ஒரு சாங்கியத்துக்கு. முடிவு பின்சீட்டில் இருக்கிறது. கடைக்காரர் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பிடித்துக்கொள்வார், ஊட்டுக்காரி ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்து பார்ப்பாள். கால் வைக்க ஏந்தலாக இருக்கிறதா, சேலை சக்கரத்தில் சிக்காதா, மடியில் பையை வைத்தால் நிற்குமா, எல்லாம் பார்த்துவிட்டு அவள் தலையை ஆட்டினால்தான் சாவி. ஊரில் அந்த நூறு சிசி வண்டி எடுக்கப் போன அன்றைக்குக் கலாமணி இரண்டு வண்டியைக் கழித்துக் கட்டினாள். மூன்றாவதில் உட்கார்ந்ததும் அவள் கை தானாக என் தோளில் விழுந்தது. அதுதான் எடுத்தோம்.

டேவ் கடையில் எனக்குப் பிடித்தது ஒரு ஆயிரத்து நூறு சிசி. கறுப்பு. முன்னால் நின்று பார்த்தால் எருமைக்கிடா மாதிரி இருந்தது. நான் ஓட்டும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பழைய நெனப்பில், "ஏறு புள்ள" என்றேன். அவளும் பழைய நெனப்பில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

இங்கத்து வண்டியில் ஒருபக்கமாக உட்காருகிறவளுக்குக் கால் வைக்க ஏது இடம்? வண்டியும் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. சீட்டு வேறு வழவழவென்று. உட்கார்ந்த வேகத்தில் அப்படியே சறுக்கிக்கொண்டு இறங்கினாள். பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் என் சட்டையைப் பிடித்தாள், இரண்டு பித்தான் தெறித்தது. டேவ் "நோ நோ நோ" என்று கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். அப்படி உட்காருவது இங்கே சட்டப்படி குற்றம் என்று விளக்கினார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அவளுக்கு வெட்கமாக இருக்குமே என்று தோன்றாமல், நான் இந்த ஊர்க்காரன் என்று காட்டிக்கொள்கிறவன் மாதிரி அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். உருப்படாதவன், ஆகாவழி!

வரும்போது காரில் அவள் போனைக்கூட எடுக்கவில்லை. ஊட்டுக்கு வந்ததும், "நீங்க பாத்து எடுத்துக்குங்க. எனக்கெதுக்குங்க அது?" என்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை நிவி வீடியோவில் வந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். கடையில் நடந்ததைத் தமாசாக அவளிடமும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, திஸ் இஸ் மிட்லைஃப் க்ரைசிஸ்" என்றாள். எனக்கு வயசு ஐம்பத்தி நாலு, நடு வயசு என்றால் நூற்றி எட்டு வரைக்கும் இருப்பேன் போலிருக்கிறது, உன் வாக்குப் பலிக்கட்டும் என்றேன். "உங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் உக்காருவாங்களா?" என்று கேட்டாள். உங்க ஊர். சின்னதில் நம்ம ஊர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை. கலாமணி பேச்சு முடிகிற முன்பே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோவமா புள்ள?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

"ரெண்டு பக்கம் கால் போட்டு உக்கார வெக்கமா இருக்குதா? நம்மூருப் புள்ளைங்களே இப்ப அப்படித்தான் உக்காருதுங்களாமா."

அவள் குழாயை மூடினாள். "எனக்கென்னங்க வெக்கம்? பேன்ட் போட்டுட்டுத்தான தெனமும் வேலைக்குப் போறேன். ஒருபக்கமா உக்காந்தா உங்க கன்னம் தெரியும். நான் சொன்னது மண்டையில ஏறுச்சா, கோவம் வந்துருச்சா, சிரிக்கறீங்களா, எல்லாம் கன்னத்தப் பாத்தே தெரிஞ்சுக்குவேன். கால ரெண்டு பக்கம் போட்டா முதுகுதான தெரியும்? முதுகத்தான் ஊட்டுலயே பாத்துட்டிருக்கறனே."

சுருக்கென்றது எனக்கு. துண்டை எடுத்து, அவள் கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். இருபது வருசத்தில் நான் பாத்திரம் துடைத்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வார நடுவில் அண்ணன் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "ஏஞ்சாமி, ஆடி முடியப்போகுது. ஆவணி பொறந்தா வானம் தோண்டோணும். மேஸ்திரி வந்து கயிறு புடிச்சுப்போட்டு, ஒன்னுங்களா ரெண்டுங்களான்னு நிக்கறான். நான் என்னத்தச் சொல்ல? ரெண்டு வருசமா நீங்க புருசனும் பொண்டாட்டியும் வாயே தொறக்கமாட்டீங்கறீங்க. இந்த வாரம் ஒரு வார்த்த சொல்லிப்போடு சாமி. எனக்கும் வயசாவுது." கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழக்கிய மனுசன். கலாமணி வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

7

சனிக்கிழமை காலையில் நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன், வேலைக்குப் போகிற பேன்ட்டும் ஷூவுமாக வந்து நின்றாள். இன்றைக்கு ஷிப்ட் இல்லையே என்றேன்.

"அந்தக் கடைக்குப் போலாங்க."

டேவ் எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் மிரண்டார். கலாமணி அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கடையின் இந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். நான் முன்னால் உட்கார வேண்டும், டேவ் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் என் தோளைப் பிடித்து ஏறிக் காலை அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். ஏழு வண்டி ஏறி இறங்கினாள்.

எருமைக்கிடாவில் பின்சீட்டு உயரமாக, சாய்மானத்தோடு, மெத்தென்று இருந்தது. உட்கார்ந்தவள் கையை நீட்டிப் பார்த்தாள். "நமக்கு நடுவுல இன்னொரு ஆளு உக்காரலாமுங்க. உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போலாம்" என்றாள். கழிந்தது. அடுத்து தொள்ளாயிரம் சிசி ஒன்று, பந்தய வண்டி மாதிரி. "இது சீட்டா, அடை ஒன்னு வெச்சிருக்கறாங்களா?" அதுவும் கழிந்தது. ஒன்று உயரம் பத்தாது, ஒன்று எஞ்சின் அனல் காலில் அடிக்கும். டேவ் அவள் என்ன சொல்கிறாள் என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

கடைசியில் மூலையில் ஒன்று. அறுநூற்றி ஐம்பது சிசி. பழைய காலத்து வண்டி மாதிரி வட்ட லைட்டு, நீட்டமாகத் தட்டைச் சீட்டு. ஏறி உட்கார்ந்தாள். அவள் கை தானாக என் தோளில் விழுந்தது. அப்புறம் இடது பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"கண்ணாடியில உங்க பாதி மூஞ்சி தெரியுதுங்க" என்றாள். "போதும்."

டேவ் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வண்டி எங்கே செய்தது தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும், மெட்ராஸ் பக்கம். இன்னொன்றும் சொன்னார். இதைச் சின்ன வண்டிப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்களாம், மூன்று வருசம் காத்திருக்காமல் லைசென்ஸ் எடுத்த அன்றைக்கே நான் வாங்கியிருக்கலாமாம். பின்னால் ஆள் ஏற்ற முடியாதே என்றேன். ஆமாம், அது முடியாது என்று ஒத்துக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்க அரை மணி நேரம் கொடுத்தார். உள்ளுக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் வைத்த இரண்டு ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டார், ஓடும்போது ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்குமாம்.

8

டவுனைத் தாண்டினால் வாய்க்கால் ரோடு. ஒரு பக்கம் பாசனத் தண்ணி, ஒரு பக்கம் ஆட்டு மந்தை, கண்ணுக்கு எட்டின தூரம் வரை நேர்க்கோடு. நூறு வரைக்கும் போகலாம் என்று பலகை சொல்கிறது. நான் ஐம்பதில் போனேன். அவள் மூச்சு விடுவது என் காதுக்குள் கேட்டது.

நானே ஆரம்பித்தேன். "புள்ள, அண்ணன் கேக்கறாரு. ஒன்னா ரெண்டா? உனக்கு ஊருக்குப் போகோணும்னு..."

விலாவில் ஒரு கிள்ளு. வலது பக்கம்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாய் டப்பென்று மூடிக்கொண்டது. முதுகு நிமிர்ந்தது. வேகத்தைக் குறைத்துவிட்டு, எந்த மாமன் வருகிறான், எந்தப் பங்காளி வருகிறான் என்று ரோட்டைத் துழாவினேன். ஒரு ஜனம் இல்லை. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, அவ்வளவுதான்.

"யாரு புள்ள?" என்று குசுகுசுவென்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு, காதுக்குள். "ஒருத்தருமில்லீங்க. இன்னும் நாபகம் இருக்குதான்னு பாத்தேன்." சிரித்துக்கொண்டே வந்தவள் குரல் மாறியது. "இங்க வந்து இருவது வருசமாச்சு. உங்களக் கிள்றதுக்கு, தெரிஞ்ச மூஞ்சி ஒன்னுகூட எதுக்கால வரலீங்க."

எனக்குக் கண்ணில் தண்ணி கட்டிக்கொண்டது. ஹெல்மெட்டுக்குள் எங்கே துடைப்பது? ஓரமாக நிறுத்திவிட்டேன். தோளில் இரண்டு தட்டு தட்டினாள், போங்க என்று. மறுபடி எடுத்தேன்.

அதற்கப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. நிவி நம்மை இங்கே தேடி வருவது வருசத்தில் இரண்டு தடவை, அங்கே இருந்தாலும் ஒரு தடவை வரத்தானே போகிறாள் என்றாள். நீங்கதான் இங்க சந்தோசமா இருக்கறீங்கன்னு நெனச்சேன், அதனாலதான் வாயத் தொறக்கல என்றாள். நான் அப்படி எப்போ சொன்னேன் என்றேன். சொல்லலீங்க, ஆனா அன்னைக்குக் கடையில அவங்களோட சேந்து சிரிச்சீங்கல்ல என்றாள். தப்புத்தான் கலாமணி, மன்னிச்சுரு என்றேன். பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டதும் எனக்கு அதுவே முதல் தடவை, முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் வாயில் வந்தது. "போச்சாது உடுங்க" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்றா இரண்டா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அரை மணி நேரத்துக்கு ஐம்பது நிமிசம் ஆக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பினோம்.

டேவ் கோபப்படவில்லை. பேப்பரை எடுத்து வைத்து, மேலே மிஸ்டர் முத்துசாமி என்று எழுதி, பேனாவை நீட்டினார். அப்போது கலாமணி என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, இந்த வண்டிக்கு சேலத்துல சர்வீஸ் இருக்குதுங்களா?"

"அங்கிருந்துதான புள்ள இங்க வருது. சேலம், நாமக்கல், எல்லாப் பக்கமும் இருக்கும். எதுக்குக் கேக்கற?"

"இல்லீங்க. இந்தச் சீட்டுக்குப் பழகிப்போட்டு, அங்க போயி வேற சீட்டுக்குப் பழக என்னால ஆகாது. அங்கயும் இதேதான் எடுக்கோணும்."

நான் பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். டேவ், ஏதாவது பிரச்சனையா, சர்வீஸ் பற்றிக் கேட்கிறாரா என்றார். ஆமாம், சர்வீஸ் பற்றித்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி எங்கள் அப்பா பேரில் கையெழுத்துப் போட்டேன்.

9

கடை வாசலிலேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து சித்த நேரம்தான் ஆகியிருக்கும், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். வாளிச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, ரெண்டு."

வாளிச் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"எப்ப வருவோம்னு தெரியாதுங்கண்ணா" என்றேன். "ஒரு நாலஞ்சு வருசம் ஆகலாம்."

"அது ஆகட்டும் சாமி. ஊடு எங்கியும் போயிராது." மூக்கை உறிஞ்சினார். "வண்டி நிறுத்த எடம் உடோணுமா?"

"உடுங்கண்ணா. கொஞ்சம் பெரிய வண்டி."

"சரி, சரி. ஏஞ்சாமி, ரெண்டு வருசமா வாயத் தொறக்காத ஆளுங்க, திடீர்னு எப்படி முடிவு பண்ணுனீங்க? எங்க உக்காந்து பேசுனீங்க?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இட்டேரி, தார் ரோடு, அட்டையாம்பட்டி முறுக்கு, எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லிவிடலாம், இந்த வயசில் என்ன கூச்சம் என்று தோன்றியது.

வலது விலாவில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

"சும்மாதாண்ணா" என்றேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு.